துடிக்காத கால்

வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலக்க அன்று அனீஸா மறந்துவிட்டாள். ஆவி பறந்த சட்டிக்குள் வலது காலை வைத்த அவள் கணவர் உபைதுல்லா முகம் சுளிக்கவில்லை. பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவள் பதறிக் காலை வெளியே இழுத்தபோது தோல் வழன்று அவள் கையோடு வந்தது.

"இப்ப என்ன?" என்றார் அவர்.

சவூதியில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி, தூக்கத்தை விரட்ட ஓயாமல் சிகரெட் பிடித்து, சர்க்கரை வியாதியோடு போன வருஷம்தான் அவர் கூத்தாநல்லூருக்குத் திரும்பியிருந்தார். தஞ்சாவூரில் டாக்டர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்து ரத்த ஓட்டத்தைத் தேடினார். இடது காலில் உஸ் உஸ் என்று இரைந்தது. வலது காலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறவியில் வந்த ஜீன் மாறுவதில்லை, ஆனால் புகையும் சர்க்கரையும் அதன்மேல் அடையாளம் போட்டுவிடும், அடங்கிக் கிடக்க வேண்டியது விழித்துக்கொள்ளும், ரத்தக்குழாய் தடித்து அடைபடும் என்று விளக்கினார்.

"அந்த அடையாளம் புள்ளைங்களுக்கும் போகுமா டாக்டர்?" என்று கேட்டாள் அனீஸா.

"எலியில பாத்திருக்காங்க. மனுஷங்கள்ல உறுதியாத் தெரியலம்மா."

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கட்டு மாற்றுவதும் துணி அலசுவதுமாக நாட்கள் போயின. டெட்டாலுக்கும் சாம்பிராணிக்கும் அடங்காத ஒரு வாடை அவர் அறையிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, அடுப்படியில் கொதிக்கும் குழம்புவரை வந்து நின்றது. அலுத்துப்போன உடம்பு எங்கே உட்கார்ந்தாலும் அனீஸாவின் விரல்கள் தாமாகவே கணுக்காலைத் தேடின. முதலில் தன்னுடையதை. பிறகு, பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஹுமைராவுடையதை.

திங்கட்கிழமை மகளின் காலில் துடிப்பு இருந்தது. புதன்கிழமை வெகுநேரம் தேட வேண்டியிருந்தது.

"கால்ல என்னம்மா தேடுறீங்க?" என்று மகள் கூசிக் காலை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம். உபைதுல்லா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலின் கட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்த அனீஸா நிமிர்ந்தாள். புண் ஆறியிருந்தது. சுத்தமாக. அதில் வாடையே இல்லை.

வீட்டில் வாடை இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். அங்கே கூடுதலாக. மகளின் அறை வாசலில் இன்னும். கதவைத் தள்ளினாள்.

ஹுமைரா கட்டிலில் சாய்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, ஷார்ஜாவிலிருந்த மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து இறங்கிய எறும்புச் சாரை மெத்தைமேல் ஏறி, அவளது வலது பெருவிரலின் கறுத்த நகத்துக்கடியில் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே போனது எதுவும் திரும்பி வரவில்லை.

ஹுமைரா எதற்கோ சிரித்தாள்.