சமீஹாவின் பச்சை வளையல்

"வளையல் கிடைத்தது. பதிலுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேயே காத்திருக்கிறது."

காலையில் கைபேசியில் வந்திருந்த இந்த இரண்டு வரிகளை அப்பாஸ் மறுபடியும் ஒருமுறை படித்தான். அவன் எந்த வளையலையும் எங்கேயும் வைக்கவில்லை.

காட்டுப் பாதைகளில் யாரோ ஒளித்துவைத்த பெட்டிகளைக் கைபேசி காட்டும் திசையில் தேடிப் போகும் ஜியோகேச்சிங் விளையாட்டில் அவனுக்குப் பைத்தியம். பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் நோட்டில் அதை எழுத வேண்டும். அவனுடைய நூறாவது பெட்டி கூக்கால் சோலைக்குள் இருந்தது. போன வாரம் மழை விடவேயில்லை. நாயுடுபுரத்து வீட்டில் போர்வைக்குள் கிடந்தபடியே, கண்டுபிடித்துவிட்டதாக இணையத்தில் புளுகிவிட்டான் அந்த மகராசன். வைத்தது என்ன என்ற இடத்தில், தேநீர் நீட்டிய மனைவியின் கையைப் பார்த்து, 'சமீஹாவின் பச்சை வளையல்' என்று எழுதினான். எடுத்தது என்ற கட்டத்தைக் காலியாக விட்டான். அதற்குத்தான் இன்று காலை அந்தப் பதில் வந்திருந்தது.

அந்த வளையல் இப்போதும் அவள் கையில்தான் இருந்தது. பழனி கடைவீதியில் சோப்புப் போட்டு ஏற்றிய கண்ணாடி வளையல், உடைத்தால்தான் கழலும். எவனோ விளையாடுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனாலும் நோட்டில் ஒரு கையெழுத்தைப் போட்டுப் பொய்யை மெய்யாக்கிவிட்டால் நிம்மதி. சோலையை ஒட்டிய ஏரியைப் பார்க்கலாம் என்று சொல்லி அவளையும் அழைத்துவந்தான்.

மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. சமீஹா காரைவிட்டு இறங்கவில்லை.

"குளிருதுங்க. ஒங்க சோலிய முடிச்சுட்டு வெரசா வந்துருங்க," என்றாள்.

சோலைக்குள் நுழைந்ததும் ஏரிக்காற்றின் ஓசை அறுந்துபோய், இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், மக்கிய சருகின் வாடையும், காலுக்கடியில் பாசி அமுங்கும் குளிர்ச்சியும் மட்டுமே மிஞ்சின. பெட்டியை நெருங்கும்போது எதிரே யாரோ வருவதுபோல ஈரச் சருகு மிதிபட்டது. ஒதுங்கி நின்றான். ஆளைக் காணோம். காலடி மட்டும் அவனைக் கடந்து, கார் நின்ற பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

திரும்பிவிடலாமா என்று நினைத்தான். பெட்டி இருபது அடியில் இருப்பதாகக் கைபேசி காட்டியது. ஆசை யாரை விட்டது.

வேர்ப்பொந்துக்குள் இருந்த டப்பாவைத் திறந்தான். மேலாகவே கிடந்தது பச்சை வளையல். கீறலில்லை. விரிசலில்லை. தொட்டான். உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

நோட்டைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் அவனுடைய கையெழுத்து. 'வைத்தது: சமீஹாவின் பச்சை வளையல்.' அதற்குக் கீழே, 'எடுத்தது' என்பதற்கு எதிரே, வேறு யாரோ எழுதியிருந்தார்கள். மை காயவில்லை.

'என்னை.'

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். அல்லாவே, அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

கார் நின்ற இடத்தில் நின்றது. கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. சமீஹாவின் முகம் தெரிந்தது. சிரித்தாள். அப்பாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தான். மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

"எழுதியாச்சா? ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்."

அவனுக்குப் பின்னால், சோலைக்குள், வெகு ஆழத்திலிருந்து சமீஹா அழுதாள்.

"என்னங்க, நான் இங்கன கெடக்கேன். விட்டுட்டுப் போயிராதீங்க."

காரின் கதவு உள்ளிருந்து திறந்தது.