கம்பி வரிக்கு ஒரு பலி

"ஐயோ...!"

காளியம்மாவின் அலறலில் பால்மரங்களில் இருந்த மைனாக்கள் மொத்தமாகப் பறந்தன.

காலை மணி ஒன்பதரை.

கோப்பெங்குக்குப் பக்கத்தில், முக்கால்வாசி எண்ணெய் தரும் செம்பனையாக மாறிப்போன பழைய ரப்பர் தோட்டம். ஓரத்தில் மிஞ்சியிருந்த எண்பது பால்மரங்களை இன்னும் சீவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி காளியம்மா. விடியலில் பட்டையைச் சீவிவிட்டுப் போவாள். பால் சொட்டி முடிந்ததும் வாளியோடு வருவாள்.

இன்று வாளி கையிலிருந்து நழுவியது.

மூன்றாவது வரிசையின் முதல் மரத்தடியில் ஓர் இளைஞன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம்.

முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாக ரப்பர் பால்!

*

"பேரு ரதீசன், புவான். வயசு முப்பத்தொண்ணு. வை.பி. கனகராஜோட ஆபீஸ்ல வேலை."

சார்ஜன் யுகேந்திரன் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் அம்பிகை உடலைச் சுற்றி மெல்ல நடந்தாள்.

நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. வை.பி.தான். அதிலும் கனகராஜ் சாதாரண வை.பி. இல்லை. 'பால்மரத்தின் பிள்ளை' என்று ஈப்போ முழுக்கப் போஸ்டர் ஒட்டி ஜெயித்தவர்.

"என்ன வேலை?"

"மசோதா எழுதுற வேலை. கம்பி வரிய எடுக்கணும்னு ஒரு மசோதா. பேப்பர்ல எல்லாம் வந்துச்சே?"

"கல்லால அடிச்சிருக்காங்க. பையைத் தலைகீழாக் கொட்டியிருக்காங்க. பர்ஸ் இருக்கு, வாட்ச் இருக்கு. போன் மட்டும் இல்ல. என்னத்தையோ தேடியிருக்காங்க, யுகேந்திரன்."

"தேடினது யாருன்னும் தெரியும் புவான்! எட்டு நாப்பதுக்கு ரதீசன் வை.பி.க்கு மெசேஜ் அனுப்பியிருக்காரு. 'டத்தோ ஆளுங்க பின்னாடியே வாராங்க, பயமா இருக்கு'ன்னு. வை.பி. உடனே போலீஸ் பாலாய்க்கு போன் பண்ணிட்டாரு."

"அப்ப வை.பி. எங்க இருந்தாரு?"

"ஈப்போ பாசார்ல. எட்டு மணிலேருந்து சந்தை மேடையில. எரநூறு பேரு சாட்சி."

அம்பிகை திரும்பினாள். சற்றுத் தள்ளி, மரவேரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் காளியம்மா. அவள் போட்டிருந்த சட்டை கறுத்து, தடித்து, மரப்பட்டை மாதிரி இருந்தது.

"அக்கா... இந்தத் தம்பிய உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? எங்க நாப்பத்திரெண்டு குடும்பத்துக்கும் அந்தத் தம்பிதான்மா ஓடுச்சு. அங்க பாருங்க."

அவள் நீட்டிய திசையில், செம்பனைக்கு அப்பால், பாதியில் நின்ற நாற்பத்திரண்டு வீடுகள். சுவர் இல்லை. கூரை இல்லை. தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன.

விஷயம் இதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டு இரும்புக் கம்பி மலிவாக வந்து குவிந்தது. உள்நாட்டு ஆலைகள் மூடிவிடுமோ என்ற பயத்தில் அரசாங்கம் ஓர் அவசர வரி போட்டது. ஆறே மாதத்துக்கு! அடுப்பங்கரையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதில்லையா, அதுபோல.

தீ அணைந்தது. தண்ணீரை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

வெளியூர்க் கம்பிக்கு வரி ஏறினால் என்ன ஆகும்? உள்ளூர்க் கம்பிக்காரர் தன் விலையையும் அதே உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். போட்டிக்குத்தான் ஆள் இல்லையே! வரி அரசாங்கத்துக்கு. ஏற்றிய விலை ஆலைக்காரருக்கு. இரண்டையும் கட்டுவது வீடு கட்டுகிறவன். கட்ட முடியாதவன் வீடு, தூணோடு நின்றுவிடும்.

இந்தப் பக்கத்துக்கு ஆலைக்காரர் ஒருவர்தான்.

ரதீசனின் மெசேஜில் வந்த அதே டத்தோ. டத்தோ கார்த்திகேசு!

"அவருதான் புவான். மசோதா வந்தா நட்டம் அவருக்குத்தானே? தூக்கிடலாமா?" யுகேந்திரனின் கை விலங்கைத் தடவியது.

"இருங்க லா."

அம்பிகை மரத்தைப் பார்த்தாள். பட்டையில் சாய்வாக ஒரு புதுக் கீறல். கீறலின் முனையில் தகர ஓடு. அதிலிருந்து ஒரு சொட்டு... ரதீசனின் முதுகில் விழுந்தது. ஓட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய மங்கு, அதாவது பால் பிடிக்கும் கோப்பை, ஓரடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, இந்த மரத்த எத்தன மணிக்குச் சீவினீங்க?"

"ஆறே முக்கால் மணி இருக்கும்மா. இதுதான் கடைசி மரம். ஓட்டையும் மங்கையும் சரி பண்ணிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம், எங்க நாப்பத்திரெண்டுல ஒருத்தி சரளா, அவகிட்ட போயிட்டேன்."

"ஒன்பது மணிக்கு மங்கு எவ்வளவு நெறஞ்சிருக்கும்?"

"முழுசா! நல்ல மரம்மா இது. சீவின ஒடனே கொட்டும். அப்புறம் கொறஞ்சு கொறஞ்சு சொட்டும்."

"இப்ப அந்த மங்குல..."

காளியம்மா எட்டிப் பார்த்தாள். அழுகை நின்றது.

"கால்வாசிக்குக்கூடக் கறை இல்லையேம்மா! பால் பூரா தம்பி முதுகுல இருக்கு... அப்படின்னா..."

"அப்படின்னா மங்கு நெறயறதுக்கு முன்னாடியே ரதீசன் விழுந்துட்டாரு. ஏழு மணிக்கெல்லாம்!"

யுகேந்திரன் குறிப்பு நோட்டைப் புரட்டினான்.

"அலமாக்! அப்ப எட்டு நாப்பதுக்கு மெசேஜ் அனுப்பினது?"

"செத்தவரு அனுப்ப மாட்டாரு. போன் யாருகிட்ட இருக்கோ, அவரு!"

*

டத்தோ கார்த்திகேசு லூமுட்டில் இருந்தார். அம்பிகை போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர், நான் நேத்துலேருந்து இங்கதான் இருக்கேன். கூட ஆறு பேரு இருக்காங்க. நான் ஏன் லா அந்தப் பையனக் கொல்லணும்?"

"மசோதா வந்தா உங்களுக்கு நட்டம்."

"வந்தாதானே?"

"புரியல டத்தோ."

பெருமூச்சு கேட்டது.

"கொலைக் கேசுல மாட்றதுக்குப் பதிலா இதச் சொல்லிடலாம். நாடாளுமன்றம் கூடுறதுக்கு முந்தி, ஒவ்வொரு தடவையும், மசோதா கொண்டு வாரேன்னு கனகராஜ் மைக்குல கத்துவாரு. மறுநாள் எனக்குப் போன் வரும். தேர்தல் நன்கொடை வேணும்பாரு. குடுப்பேன். மசோதா 'அடுத்த கூட்டத்துக்கு'ன்னு தள்ளிப் போயிடும். இதோட ஆறு தடவ!"

"இந்தத் தடவயும் குடுத்தீங்களா?"

"போன வாரமே குடுத்துட்டேன் லா! குடுத்தவன் எவனாச்சும் கொல பண்ணுவானா?"

லைன் துண்டானது.

யுகேந்திரன் தலையைச் சொறிந்தான். "புவான், அப்ப நம்ம வை.பி...?"

"ஒரு பால்மரத்த வெட்டிச் சாய்ச்சா ஒரே ஒரு தடவ வெறகு. கீறி விட்டுக்கிட்டே இருந்தா தினமும் பால். மசோதா அவருக்குச் சீவுற கத்தி, யுகேந்திரன். டத்தோதான் மரம்."

"ரதீசன்?"

"மரத்தச் சாய்க்க வந்தவரு."

*

பதினொன்றேகாலுக்கு மூன்று கார்கள் வந்து நின்றன.

வை.பி. கனகராஜ் பளபளக்கும் முழுக்கை வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னால் நிருபர்கள். கேமராக்கள்.

"என் தம்பியக் கொன்னுட்டாங்களே!" குரல் உடைந்தது. "இன்ஸ்பெக்டர், அந்த டத்தோவ இன்னும் பிடிக்கலையா?"

"ரதீசன கடைசியா எப்பப் பாத்தீங்க வை.பி.?"

"நேத்து சாயந்திரம். விடிஞ்சதுலேருந்து நான் ஈப்போல மா! வீட்டுலேருந்து நேரா மேடை, மேடையிலேருந்து நேரா இங்க. இந்தத் தோட்டத்துல கால் வச்சே ஒரு மாசம் ஆச்சு."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

காளியம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

"வை.பி... சட்டக் கையில என்னா அது?"

வலது கைமடிப்பில் வரிசையாக ஏழெட்டுப் புள்ளிகள். தேநீர் நிறம்.

"இதுவா? பாசார்ல டீ கொட்டிருச்சு கா."

"டீயா?"

காளியம்மா கிட்டே போனாள். யாரும் தடுப்பதற்குள், ஒரு புள்ளியின் விளிம்பை நகத்தால் கிள்ளினாள்.

இழுத்தாள். அது நீண்டது!

விட்டாள். 'சட்'டென்று சுருங்கியது!

"டீ இப்படி இழுபடுமா ஐயா?"

கேமராக்கள் பளிச்சிட்டன. கனகராஜின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அது... பழைய கறை..."

"என் சட்டையப் பாருங்க இன்ஸ்பெக்டரம்மா. இது கடையில வாங்குறப்ப வெள்ளச் சட்ட! பால் படும்போது வெள்ளையில வெள்ள தெரியாது. காஞ்சாப் பழுப்பு. நாளாச்சுன்னா கறுப்பு. சீவுறவங்க வீட்டுப் புள்ளைக்கு இது தொட்டில்லயே தெரியும்." அவள் குரல் இறுகியது. "இவரு கிராணி மகன்மா. அப்பா ஆபீஸ்ல பேரு எழுதுனவரு. இவரு மங்கத் தொட்டதே இல்ல... இன்னிக்குக் காலைலதான் தொட்டிருக்காரு!"

கனகராஜின் காரைச் சோதித்த யுகேந்திரன் ஓடி வந்தான். கையுறை போட்ட கையில் ஒரு போன்.

"சீட்டுக்கு அடியில புவான்! ரதீசனோடது!"

கனகராஜ் மரத்தில் சாய்ந்தார். வெறுப்பு வெளியே வந்தது.

"முட்டாப் பய! போன வாரம் என்னென்னமோ தாள நீட்டினான். நானும் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். நடுவுல மசோதா நோட்டீஸ்! இன்னிக்கு நாலு மணிக்குள்ள நாடாளுமன்றத்துல குடுத்துருவேன்னு நேத்து என்கிட்டயே சொல்றான். விட்டா டத்தோ காசு போச்சு. வாபஸ் வாங்கினா ஓட்டுப் போச்சு. விடியக்காலைல இங்க வந்து கெஞ்சினேன்... குடுக்க மாட்டேன்னுட்டான்."

"அடிச்சுட்டு, பையத் தேடினீங்க. அப்புறம் மேடையில உக்காந்தே அவரு போன்லேருந்து உங்களுக்கே மெசேஜ் அனுப்பினீங்க. நோட்டீஸ் கெடச்சுதா?"

"இல்ல." அவர் உதடு கோணியது. "எங்கயோ தொலச்சிருக்கான். எனக்கு அது போதும். நோட்டீஸ் இல்லன்னா மசோதா இல்ல!"

காளியம்மா மரத்தடியில் கிடந்த தன் மூட்டையிடம் போனாள். கட்டிப்பால் மூட்டையை அவிழ்த்தாள். மங்கில் உறைந்து புளித்த ரப்பர் கட்டிகள்... அந்த நாற்றத்தில் நிருபர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

உள்ளே கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கவரை எடுத்தாள்.

"நாப்பத்தியோரு வீட்டுக் கையெழுத்தோட தம்பி விடியலிலேயே என்கிட்ட குடுத்துட்டாரும்மா. யார நம்புறதுன்னு தெரியாம ஒளிச்சு வச்சிருந்தேன். 'அக்கா, சரளா அக்கா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, வாங்கிட்டு வாங்க, இங்கயே நிக்கிறேன்'னாரு. வாங்கிட்டு வந்தேன்..." அவள் கண் மறுபடி நிறைந்தது. "நிக்கலையே தம்பி."

அம்பிகை கவரைப் பிரித்தாள். நாற்பத்திரண்டு கையெழுத்துகள். நோட்டீஸின் அடியில், அழகாக, கனகராஜின் கையெழுத்து!

"யுகேந்திரன், போட்டோ எடுத்துக்குங்க. கேசுக்கு அது போதும். அசல எடுத்துக்கிட்டு கே.எல். போங்க. நாலு மணிக்குள்ள நாடாளுமன்றக் கவுண்டர்ல இருக்கணும்."

"நான் வாபஸ் வாங்குவேன்!" கனகராஜ் கத்தினார்.

"வாங்குங்க. எரநூறு பேரு முன்னாடி, மேடை போட்டு வாங்குங்க."

விலங்கு மாட்டப்பட்டது. போலீஸ் வேன் கதவு திறந்தது. உள்ளே, ஜன்னலுக்குக் குறுக்கே, தடித்த இரும்புக் கம்பிகள்.

காளியம்மா அந்தக் கம்பிகளைப் பார்த்தாள். செம்பனைக்கு அப்பால் நின்ற தூண்களைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா எங்களுக்குக் கம்பி வாங்கித் தாரேன்னு சொன்னாரும்மா... கடைசில அவருக்கு மட்டும் கெடச்சிருச்சு!"