விட மறுத்த தோல்

அன்று காலை ஏழரைக்கு வழக்கம்போல் தீக்காய வார்டுக்குள் நுழைந்தேன். மருந்து வாடை, ட்ராலிச் சக்கரத்தின் கீச்சொலி, எங்கோ ஒரு முனகல். இருபது வருட நர்ஸ் வேலையில், பேய் என்றால் சிரித்துவிட்டுப் போகிறவள் நான்.

ஆறாம் படுக்கையில் வாண்டு. ஐந்து வயது. வீட்டில் பிடித்த தீ அவள் முதுகைத் தின்றிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த அம்மா மறுநாளே போய்விட்டாள். அம்மாவின் தொடையில் தீ படவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தத் தோலை எடுத்து மகளின் முதுகில் போர்த்தினோம். அடுத்தவர் தோல் நிலைக்காது. மூன்று வாரத்தில் உடம்பே தள்ளிவிடும். பிறகு அவளுடைய தோலையே எடுத்து ஒட்ட வேண்டும்.

ஐந்து வாரமாகியும் அது கழலவில்லை. அடியில் சீழ் கட்டிவிட்டது, காய்ச்சல் இறங்கவில்லை. இன்று எடுக்காவிட்டால் பிள்ளை தங்காது.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் வாண்டுவிடம் சொல்லி வைத்திருந்தோம். ஆனால் கட்டுப் பிரிக்கும்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதை, வாய் தவறி அவளிடமும் சொல்லிவிட்டேன்.

"பயப்படாத கண்ணு, வலிக்காது. இது உன் தோல் இல்ல."

"தெரியும்க்கா. அம்மாவோடது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருடா சொன்னா?"

"அம்மாதான். கெட்டியாப் புடிச்சிருக்காங்க. விட்டா என்னை மறுபடி தீ புடிச்சுக்குமாம்."

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் இடுக்கியால் தோலின் ஓரத்தைத் தூக்கினார். அது வரவில்லை.

மறுபடி இழுத்தார்.

இறுகியது.

"யாரோ புடிச்சு வச்சிருக்கற மாதிரி இருக்கே," என்று முணுமுணுத்தார். மானிட்டரில் துடிப்பு சரியத் தொடங்கியது.

நான் குனிந்தேன். படித்தவள், ஒரு தோலிடம் பேசினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"அம்மா, தீ எப்பவோ அணைஞ்சு போச்சும்மா. இனிமே நீங்க புடிச்சிருந்தாதான் அவளுக்கு ஆபத்து. விட்டுருங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஒரு மூச்சு விடும் நேரம்.

முழுத் தோலும் டாக்டர் கையோடு வந்துவிட்டது. துடிப்பு ஏறியது. நான் அழுதேன். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாண்டுவின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி முதுகில் ஒட்டி முடிக்க மூன்று மணி நேரமானது. அவளைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்வது கேட்டது. நான் தனியாக நின்று சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது மயக்கம் தெளிந்து, "அம்மா..." என்று வாண்டு வீறிட்டாள்.

என் கையிலிருந்த தட்டில், அந்தத் தோலின் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.