சுருங்கக் கூடாத இருட்டு

மகளின் ஸ்கேன் ஃபைல் அளவுக்கு மீறிச் சுருங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை ஒரு புள்ளிகூடக் கெடாமல் கணினியில் சுருக்கிச் சேமிப்பதுதான் அவன் வேலை. எலும்பும் சதையும் சொன்னபடி கேட்கும், அடம்பிடிப்பது படத்தில் விழும் இரைச்சல் என்ற தூசிப்புள்ளிகள்தான். உடம்பைச் சுற்றியுள்ள வெற்றுக் கறுப்பில் இயந்திரம் மணலாகத் தூவிவிடும் அந்தப் பொடிப்புள்ளிகளில் ஒழுங்கு எதுவும் கிடையாது, ஒழுங்கில்லாதது சுருங்காது, அதனால் எந்த ஃபைலும் பாதிக்குக் கீழே இறங்காது. இது பத்தில் ஒரு பங்காகியிருந்தது.

இப்படி ஒன்றைப் போன வருஷம் பார்த்திருக்கிறான். மனைவியுடையது. இடம் மிச்சம் என்று விட்டுவிட்டான். அந்த வாரமே அவள் செத்துப்போனாள்.

"அக்கா, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

ஸ்கேன் எடுக்கும் அக்கா கண்ணாடிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா. வெறும் தலைவலிக்கு எடுத்தது. நீயா எதையாவது நினைச்சுக்காதே. புள்ள வெளிய பெஞ்சுல படுத்திருக்கா, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடை தொண்டையில் இறங்கியது. இத்தனை சுருங்குகிறதென்றால், இரைச்சலுக்குள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. மகளின் தலையைச் சுற்றியிருந்த கறுப்பின் வெளிச்சத்தை மெல்லக் கூட்டினான்.

மணல் ஓரிடத்தில் திரண்டிருந்தது. விரல்கள். எப்போதோ கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன, மனைவியின் சுண்டுவிரல்.

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. ஒரு வருஷமாக அந்தக் கைக்கு ஏங்கிக் கிடந்தவன் அவன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் அவள் நெற்றியில் கிடக்கும் கை.

அடுத்த படம். கை நெருங்கியிருந்தது.

அடுத்தது. தோலைத் தொட்டிருந்தது.

அடுத்தது. எலும்புக்கு உள்ளே விரல்கள்.

"வேண்டாம்மா," என்றான் திரையைப் பார்த்து. "அவ ஒருத்திதான் எனக்கு இருக்கா. விட்டுடு."

வெளியிலிருந்து மகளின் தூக்கக்குரல் கேட்டது. "அப்பா... வலி போயிடுச்சுப்பா. சில்லுன்னு இருக்கு."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பெஞ்சில் அவள் கண்மூடிச் சிரித்தபடி கிடந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. நெற்றி முடி மட்டும் மெதுவாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஐந்து கோடுகள். கடைசிக் கோடு கோணல்.