வண்டி வருது

இப்போதெல்லாம் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. காதில் ஒன்றைச் செருகிக்கொள்கிறான், மணிக்கட்டில் கட்டியதைப் பார்க்கிறான், நெஞ்சு எத்தனை தடவை துடிக்கிறது என்று அது சொன்னால்தான் உயிரோடு இருப்பதையே நம்புகிறான். பின்னால் வருகிறவள் விழுந்தாளா எழுந்தாளா என்று கேட்க ஒரு நாதி கிடையாது. முன்னால் வரிசையாகப் போகும் ஆறு சைக்கிள்களையும் வேனின் கண்ணாடி வழியாகப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது.

மூன்று கணவாய், நான்கு நாள், ஆறு சைக்கிள். பின்னால் டியூபும் செயினும் தண்ணீர்க் கேனும் ஏற்றிய பழைய வேன். அதை ஓட்டுவது அவர் வேலை. போன வருடமும் இதே பாதை, இதே வேன். சைக்கிள் மட்டும் ஏழு. ஏழாவது அவருடைய மகள்.

பனியில் ஆள் தெரியாது என்பதால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகும் டிரில் மாஸ்டர் விசில் ஊதி "ஒண்ணு" என்பார். அடுத்தடுத்தவர்கள் ரெண்டு, மூணு என்று சொல்ல, எண்ணிக்கை பின்னால் வரும். கடைசி ஆள் எண் சொல்வதில்லை. "வால்" என்று கத்தவேண்டும். அதற்கு வேனிலிருந்து மெக்கானிக் "வண்டி வருது" என்று பதில் கொடுத்தால்தான் யாரும் இறக்கத்தில் விடலாம். கடைசி இடத்தை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பொறந்ததுலேர்ந்து எங்கப்பா என்னை அப்படித்தான் கூப்பிடறாரு. புதுசா பேர் வைக்கற செலவு மிச்சம்" என்றாள். உண்மைதான். நாலு வயதில் சைக்கிள் கடையிலிருந்த பால்ரஸ் குண்டுகள் எல்லாவற்றையும் எண்ணெய் டப்பாவில் கொட்டிக் கலக்கியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

போன வருடம் மூன்றாம் நாள், கணவாய்க்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், பனிக்குள் அவள் சைக்கிளோடு சரிவில் போய்விட்டாள். அது நடந்த பிறகு ஒரு எண்ணிக்கை நடந்தது. ஆறு பேரும் சொன்னார்கள். பிறகு "வால்" என்று மெக்கானிக் தன் இரண்டு காதாலும் கேட்டார். "வண்டி வருது" என்றார். எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். அவள் இல்லை என்பது அடிவாரத்தில்தான் தெரிந்தது. நான்கு மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அந்த "வால்" யார் வாயிலிருந்து வந்தது? சீக்கிரம் இறங்கி டீ குடிக்க எவனோ அவளுக்குப் பதிலாகக் கத்தியிருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக் இந்த வருடமும் வந்தார். மற்றவர்கள் அவள் நினைவாக மிதிக்கிறோம் என்றார்கள். மிதிக்கட்டும்.

இன்று காலை அடிவாரத்தில் எண்ணும்போது ஒரு சின்ன விஷயம் அவரை உறுத்தியது. இப்போது கடைசியில் வருவது பல் டாக்டரம்மா. வால் என்று சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வரவில்லை. "ஆறு" என்று நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு ஒரு மூச்சு நேரம் யாரும் அசையவில்லை. அந்த இடைவெளியில் வேனுக்குப் பக்கத்தில், ஜன்னல் உயரத்தில், கத்துவதற்கு முன்னால் ஒருவர் காற்றை இழுப்பதுபோல ஒரு சத்தம். வேனின் ஹோஸ் பைப்பாக இருக்கும் என்று இறங்கிப் பார்த்தார். பைப் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் சாலையோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது செல்போன் கடைக்காரனைப் பிடித்தார். நாலாம் எண். யார் குரலிலும் பேசுவான்.

"அன்னைக்கு வால்னு கத்துனது நீதானே?"

"ஐயா, உங்க இருமலைப் பண்ணுவேன். மாஸ்டரோட விசிலைப் பண்ணுவேன். அவ குரலை நான் பண்ணதே இல்ல."

"சத்தியம் பண்ணாத. சத்தியம் பண்றவனைத்தான் மொதல்ல சந்தேகப்படுவேன்."

"நான் எங்கய்யா பண்ணேன்?"

"பண்ணப்போற மாதிரி இருந்துச்சு."

டாக்டரம்மா சிரிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். டிரில் மாஸ்டர்தான் எழுந்து பக்கத்தில் வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கத்திக் கத்திக் கரகரத்த குரலை முடிந்தவரை தாழ்த்தினார்.

"ஐயா, ஒரு வருஷமா சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அன்னைக்கு ஆறுக்கு அப்புறம் எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. நாங்க நின்னுட்டுதான் இருந்தோம். நீங்க வண்டி வருதுன்னீங்க. அதைக் கேட்டுத்தான் கிளம்பினோம்."

மெக்கானிக் தட்டைக் கழுவி வைத்தார். ஆறு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

நாலு மணிக்குப் பனி இறங்கியது. முதலில் பள்ளத்தாக்கின் அடி மறைந்தது, பிறகு எதிர்மலை, பிறகு சாலையோரத்துக் கற்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் வேனின் விளக்கு வெளிச்சமே இரண்டு கஜத்துக்கு அப்பால் நனைந்த பஞ்சுபோல் நின்றுவிட்டது. ஈரமண்ணும் சூடான பிரேக் ரப்பரும் சேர்ந்த வாடை அடித்தது. மேலே எங்கேயோ ஆறு செயின்கள் ஓடும் சத்தம், மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல விட்டு விட்டு வந்தது. அந்த வளைவு வந்தது. அவர் வேனை ஓரங்கட்டினார். மற்றவர்கள் ஐம்பது அடி மேலே, கணவாயின் உச்சியில் நின்றார்கள். பனிக்குள் அவர்கள் தெரியவில்லை.

சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார். அவளுடைய சைக்கிளிலிருந்து கழற்றிய ப்ரீவீல், வேஸ்ட் துணியில் சுற்றி வைத்திருந்தது. மிதிக்காமல் சக்கரம் தானாக ஓடும்போது டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்தப் பல்சக்கரம். உள்ளே ஒன்று உடைந்து, நாலாவது டிக் மட்டும் வராது. "அப்பா, மாத்திக் குடு" என்று மூன்று தடவை கேட்டாள். "உங்கப்பா மாத்த மாட்டாரு, நானே பிடுங்கி விட்டுடறேன்" என்று டாக்டரம்மா கேலி செய்தார். பயணம் முடிந்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னார்.

"மாஸ்டர்" என்று கத்தினார். "ஒரு தடவ எண்ணுங்க."

அதே இடம், அதே பனி. எந்த வாயிலிருந்து வருகிறதென்று இன்றைக்குத் தெரிந்துவிடும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

விசில்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு, செல்போன் கடைக்காரன், தெளிவாக. அஞ்சு. ஆறு.

ஒரு மூச்சு நேரம்.

"வால்."

மேலேயிருந்து வரவில்லை. சாலையோரத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம். கீழே. நன்றாகக் கீழே.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் கீழேயிருந்துதான் வந்தது. பனி சத்தத்தை இப்படி அப்படிப் புரட்டும் என்று நினைத்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினார். மேலே நின்ற ஆறு பேருக்குக் கேட்காத குரல். வேன் மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

எவனும் அவளுக்குப் பதிலாகக் கத்தவில்லை. அவளேதான் கத்தினாள். விழுந்து கிடந்தபடி, எண்ணிக்கை கேட்டு, தன் முறைக்குச் சரியாகக் கத்தினாள். அப்பா பதில் சொன்னார். வண்டி வருது என்றார். நான்கு மணி நேரம் அவள் அந்த வண்டிக்குத்தான் காத்திருந்தாள்.

"வண்டி வருதாப்பா?"

அதே குரல். கோபமில்லை. கடையை மூட நேரமாகும்போது வாசலில் நின்று கேட்பாளே, அப்படி.

அவருடைய வாய் பழக்கத்தில் திறந்தது. "வண்டி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தம் உப்புக் கரித்தது.

இல்லை. மெஷின். இப்போது எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது. அவன் செல்போன் கடைக்காரன் அல்லவா? புதருக்குள் எதையோ ஒளித்துவைத்து ஓட்டுகிறான். பெற்றவனையே ஏமாற்றுகிற காலம்.

கீழே சரளைக்கல் ஒன்று உருண்டது.

டிக். டிக். டிக்.

ஒரு வெற்றிடம்.

டிக். டிக். டிக்.

சட்டைப் பையிலிருந்த ப்ரீவீலை விரல் வலிக்க இறுக்கிப் பிடித்தார். அது அசையவில்லை. சத்தம் ஏறி வந்தது. மிதித்தால் அந்தச் சத்தம் வராது. உருட்டினால்தான் வரும். யாரோ சைக்கிளை மெதுவாக, காலை இழுத்துக்கொண்டு, மேலே உருட்டிக்கொண்டு வருகிறார்கள். வண்டி வராததால்.

வேனின் கதவு திறந்தே கிடந்தது. வேன் அந்தக் கல்லை ஒட்டி நின்றது. அவர் அதன் பக்கம் போகவில்லை. மேல்நோக்கி நடந்தார்.

பின்னால் டயர் தார்ச்சாலையில் ஏறியது. ஈரமான சத்தம். அவர் வேகமாக நடந்தால் அதுவும் வேகம். முழங்கால் வலித்து நின்றால் அதுவும் நின்றது. காத்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்குவது நிற்கும்வரை காத்திருந்தது. அவளும் இப்படித்தான், அப்பாவை முந்திப் போகமாட்டாள்.

 

பனி விலகி ஆறு பேரும் தெரிந்தார்கள். செல்போன் கடைக்காரனின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன. வாய் மூடியிருந்தது. டாக்டரம்மா அழுதுகொண்டிருந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில், பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டிரில் மாஸ்டர் தன் சைக்கிளை ஓரமாக நகர்த்தினார். அடுத்தவர் நகர்த்தினார். ஆறு பேரும், பின்தங்கிய ஒருவர் வந்து சேரும்போது செய்வதைப்போல, நடுவில் ஒரு சைக்கிளுக்கு இடம் விட்டார்கள்.

"வெளையாடுறீங்களா" என்றார் மெக்கானிக். "எல்லாரும் சேர்ந்து வெளையாடுறீங்க. நான் நம்பமாட்டேன்."



அவர்கள் விட்ட இடைவெளி வழியாக அவர் நடந்தார். உச்சியைத் தாண்டி, மறுபக்க இறக்கத்தில், பனிக்குள். திரும்பிப் பார்க்கவில்லை. நம்பமாட்டேன், நம்பமாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, இறக்கம் என்பதால் இன்னும் சுலபமாக,

டிக். டிக். டிக்.