பத்தியக்காரி

கோவில்பட்டி நடைத்திடலில் காலை வேளையில் பெண்கள் மட்டுமே நடந்தார்கள். ஆண்கள் வேலிக்கு வெளியே கடைகளில் உட்கார்ந்து, வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டே, அவரவர் வீட்டுப் பெண்கள் வேகம் குறையாமல் நடக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"கையை நல்லா வீசி நட. எனக்கு மூட்டு வலிக்குதுல்லா" என்று ஒருவர் வாய் நிறைய வடையோடு குரல் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. தினமும் கேட்கிற பேச்சுதான் அது.

சண்முகக்கனிக்குத் தலை சுற்றியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் காலையிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. அவள் கணவன் பொன்னுதுரைக்காக விரதம். அம்மனிடம் வேண்டிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருந்தாள்.

இணைப்பயறு வந்ததிலிருந்து அவளுக்குப் பயம்தான் பிழைப்பு. பச்சைப்பயறு அளவில் இரண்டு கருவிகள். ஒன்று அவள் தோளுக்குள், இன்னொன்று பொன்னுதுரையின் தோளுக்குள். அளவாகச் சாப்பிட்டு ஒழுங்காக நடக்கிற உடம்பு உள்ளுக்குள் என்னென்ன சுரக்கிறது என்று முதல் பயறு பார்த்துச் சொல்லும். இரண்டாவது பயறு அதையே மற்ற உடம்பிலும் சுரக்க வைக்கும். முதலில் கைக்குழந்தைகளுக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். பால் கொடுக்கிற தாய் பத்தியம் இருந்தால் பிள்ளைக்குக் குணமாகும் என்பது நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அதைக் கருவியாக்கினார்கள். அப்புறம் பார்த்தால், மீசை வைத்த குழந்தைகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன.

இப்படி இன்னொருவருக்காக வாயைக் கட்டுகிறவளுக்குப் பத்தியக்காரி என்று பெயர். வாய் தவறிப் பைத்தியக்காரி என்று சொல்கிறவர்களும் உண்டு. வாய் தவறித்தான் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பொன்னுதுரை கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு பதம் பார்க்கிறவன். நாள் முழுக்க வெல்லப்பாகை நாக்கில் வைத்துப் பார்ப்பான். சாயங்காலம் எண்ணெயில் பொரித்த பரோட்டா. கேட்டால், "நீதான் பாத்துக்கிடுதியே கனி" என்பான். பிரியமாகத்தான் சொல்வான். அந்தப் பிரியம்தான் அவளைக் கொன்றது. ஒருமுறை பக்கத்து வீட்டு வளைகாப்பில் ஒரு விள்ளல் அல்வா தின்றாள். அன்று அவனுக்குத் தலைவலி வந்தது. அதற்கப்புறம் அல்வா வாசனை வந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

போன வாரப் பரிசோதனையில் அவனுடைய ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. பரிசோதித்தவர் அவனை விட்டுவிட்டு இவளைப் பார்த்து, "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டால்தானே குற்றம், சாப்பிடாமலே இருந்துவிட்டால்? அப்படித்தான் இந்த விரதம்.

வேலிக் கம்பியை விடுவதற்குள் காதுப்பேசி ஒலித்தது. கொழுந்தன் ஜெயமுருகன்.

"மதினி, அண்ணன் கம்பெனில மயங்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீங்க என்னத்தத் தின்னீங்க?"

ஆஸ்பத்திரியில் பொன்னுதுரை கண் மூடிக் கிடந்தான். மூச்சு வேகமாக, பழுத்த பழ வாடையோடு வந்துகொண்டிருந்தது. தலைமாட்டுத் திரையில் சர்க்கரை எண் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் நஸ்ரின் இவள் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"நேத்துலேருந்து சாப்பிடல டாக்டர். அவுகளுக்காக விரதம்."

டாக்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். "அம்மா, பயறுக்குப் பத்தியம் தெரியும், விரதம் தெரியாது. பட்டினி கிடந்தா உங்க ஈரல் சேத்து வச்ச சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும். உங்களுக்கு அது நல்லது. பயறு அதையே அவர் ஈரலுக்கும் சொல்லிருக்கு. அவர் பாகும் தின்னுட்டு, ஈரலையும் தொறந்து விட்டா என்னாகும்?"

அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று இருந்த விரதம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

"இந்தப் பயறைப் பிடுங்கி எறிங்க டாக்டர்" என்றான் ஜெயமுருகன்.

"பிடுங்கலாம். ஆனா அவர் உடம்புக்குத் தானா ஒண்ணும் செய்யத் தெரியாது. இத்தனை வருஷமா இவங்க சொல்லித்தான் செஞ்சிருக்கு. பயறை எடுக்க இவங்களை மயக்கத்துல போட்டா அவர் மூச்சும் அடங்கிரும். ஊசி போட்டிருக்கேன். ஊசி இறக்குறதைப் பயறு ஏத்தி விடுது. நீங்க முதல்ல சாப்பிடுங்கம்மா."

கஞ்சி வந்தது. வேண்டுதலை முறித்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயங்கினாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குடித்தாள். திரையில் எண் ஏறுவது நின்றது. ஆனால் இறங்கவில்லை.

டாக்டர் மறுபடியும் நாடி பார்த்தார். "பயப்படுறீங்கம்மா. பயந்தாலும் ஈரல் சர்க்கரையை விடும். உங்க பயம் அவருக்குப் போகுது."

"மதினி, பயப்படாம இருங்க" என்று ஜெயமுருகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "நீங்க பயந்தா அண்ணன் செத்துருவான்."

நல்ல ஆறுதல். எண் மறுபடியும் ஏறியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மன் பெயரைச் சொன்னாள், மூச்சை இழுத்து விட்டாள். எல்லாம் செய்தும் நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. அடிக்கிறதே என்று பயந்தாள், பயந்ததால் இன்னும் அடித்தது. திரையிலிருந்து வந்த கீச்சொலி விடாமல் கேட்டது. எத்தனை வருஷமாக இப்படி? ஒவ்வொரு கவளத்துக்கும் நடுங்கியாயிற்று, ஒரு நாள் காய்ச்சலில் நடக்காமல் படுத்ததற்கும் நடுங்கியாயிற்று. பாகை நக்கியவன் ஒரு நாளாவது நடுங்கினானா?

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. போனால் போகட்டும்.

அதை அவள் தேடிப் போகவில்லை. களைத்துப்போன மனசில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. செத்தால் சாகட்டும், நான் என்ன செய்ய? தோள் தளர்ந்தது. வயிற்றுக்குள் இத்தனை வருஷமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. நெஞ்சு மெதுவாக அடிக்கத் தொடங்கியது. அவளுக்கு நன்றாகப் பசித்தது.

கீச்சொலி நின்றது. "இறங்குது" என்றார் டாக்டர் நஸ்ரின், நம்ப முடியாமல். "அப்படித்தாம்மா. இப்ப எதை நினைக்கிறீங்களோ அதையே நினைங்க. விட்டுராதீங்க."

அவள் விடவில்லை. போனால் போகட்டும், போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்தாள். ஜெயமுருகன் திரையைப் பார்த்துக் கும்பிட்டான். "தெய்வம் மதினி நீங்க" என்றான்.

மத்தியானத்துக்குள் பொன்னுதுரை கண் திறந்தான். அறையைச் சுற்றிப் பார்த்து, அவளைக் கண்டுபிடித்து, கையை நீட்டினான்.

"ரொம்பப் பயந்துட்டியா கனி?"

"இல்ல" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன். உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. எனக்கு இப்படி இருந்ததே இல்ல. உன் மனசுல எம் மேல எவ்வளவு பிரியம் இருந்தா இது எனக்கு வரும்? வீட்டுக்குப் போனாலும் நீ இப்படியே இருக்கணும், என்ன?"

அவன் கை அவள் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கையை அவள் பார்த்தாள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று பட்டது. பட்டவுடன் அவளுக்குத் தன்னை நினைத்தே பயம் வந்தது. நான் என்ன ஆகிவிட்டேன்?

கீச்சொலி மறுபடியும் தொடங்கியது. டாக்டர் பொன்னுதுரையைத் திரும்பிப் பார்க்கவில்லை, நேராக இவளிடம் வந்தார்.

"அம்மா, முன்னாடி என்னமோ நினைச்சீங்களே. அது என்ன? வாய்விட்டுச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் சேந்து ஞாபகப்படுத்துறோம்."

பொன்னுதுரையும் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தான்.