கோமளா நின்ற குழி

அடைத்த சிமெண்டு மறுபடியும் குழிந்திருந்தது.

விக்டோரியா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. யானைக் கொட்டகையின் நடுவே, கல்தூணுக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு பள்ளங்கள். யானை கோமளா வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, இடது காலுக்கும் வலது காலுக்குமாய் உடம்பை மாற்றி மாற்றி ஆடித் தேய்த்த பள்ளங்கள். அவள் செத்த மறுவாரமே முதலாளி வீரராகவன் கொத்தனாரை விட்டுப் பூசி மெழுகிவிட்டார். அதன்பிறகு அங்கே கால் வைத்தது பெருக்க வரும் விக்டோரியா மட்டும்தான். அவள் காற்றடித்தால் சாய்கிற உடம்புக்காரி.

வீரராகவனுக்குக் காக்களூர்ப் பக்கம் இரும்புப் பட்டறை. பட்டறையை ஒட்டிய தோப்பில் இரண்டு நரி, நாலு மயில், ஒரு யானை என்று சேர்த்து வைத்து, டிக்கெட் போட்டு மிருகக்காட்சிசாலை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமையானால் திருவள்ளூர் பஸ்ஸில் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். கோமளா ஆடுவதைப் பார்த்து, "யானை டான்ஸ் ஆடுது டோய்!" என்று கைதட்டி வேர்க்கடலை வீசுவார்கள். நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் ஒரு ஜீவன் படுகிற பாடு அது என்று முதலாளிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டான்ஸ் என்று போர்டு எழுதி மாட்டிய மகானுபாவரே அவர்தான்.

எழுபத்திமூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் கோமளா செத்தாள். பாகன் கலியன் முதலாளியிடம் மன்றாடினான்.

"சங்கிலிய கயட்டிட்டுத்தான் மண்ணுல வெக்கணும் மொதலாளி. கயட்டிட்டு, காதாண்ட 'நட'ன்னு சொல்லணும். எங்க வயக்கம் அது. இல்லாங்காட்டி அது நின்னுக்கினேதான் இருக்கும்."

கால் வளையமோ சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுத்தெடுக்க அரை நாளாவது ஆகும். மறுநாள் ஞாயிறு, கூட்டம் வரும். முதலாளி சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணியை வெட்டச் சொன்னார். வளையமும் பாதிச் சங்கிலியுமாக கோமளாவைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். கலியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொந்த ஊரான திருப்பாச்சூருக்கே போய்விட்டான். மீதிப் பாதிச் சங்கிலி தூணிலேயே தொங்கியது.

இன்றைக்கு மத்தியானம் லாரியில் ஒரு குட்டி வந்து இறங்கியது. தாயைத் தேடித் தேடி அதன் தும்பிக்கை நுனி காய்ந்து போயிருந்தது.

"மொதலாளி, இத இங்க கட்டாதீங்க. தரையப் பாருங்க," என்றாள் விக்டோரியா.

"கொத்தனாரு சிமெண்டுல மண்ணக் கலந்துட்டான். நீ பேஜாரு பண்ணாம கொட்டாயக் கழுவு."

பட்டறை ஆள் தூணில் தொங்கிய அதே சங்கிலியில் ஒரு சின்ன வளையத்தைக் கோத்துக் குட்டியின் முன்னங்காலில் மாட்டினான். இப்போதைக்கு போல்ட்தான். நாளைக்கு அடித்து இறுக்கிவிடுவானாம்.

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல கரண்டு போனது. பட்டறை இயந்திரங்களின் இரைச்சல் ஒவ்வொன்றாய் அடங்கி, தோப்பில் தவளைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. விக்டோரியா ஹரிக்கேன் விளக்கைக் கொளுத்தி ஆணியில் மாட்டிவிட்டு, குட்டிக்குப் புல்லை உதறிப் போட்டாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழையில் நனைந்த பெரிய உடம்பின் வாடை, கூடவே சீழ் பிடித்த புண்ணுக்குப் போடும் வேப்பெண்ணெயின் கசப்பு நெடி. குட்டியின் காலில் புண் கிடையாது. கோமளாவின் காலுக்கு அந்த எண்ணெயைத் தடவியது விக்டோரியாவின் கைதான்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசியது. ஒருதரம் இந்தப் பக்கம். ஒருதரம் அந்தப் பக்கம்.

தூணில் இருந்த சங்கிலி பதில் சொல்வதுபோல் அசைந்தது.

சுவரில் குட்டியின் நிழல் விழுந்திருந்தது. அதற்கு மேலே இன்னொரு நிழல், கூரைவரைக்கும். அது ஆடியது. இடது. வலது. பயத்தில் வெடவெடத்துக்கொண்டிருந்த குட்டியின் நடுக்கம் சட்டென்று நின்றது. அதுவும் ஆடத் தொடங்கியது. இடது. வலது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால் எழும்பவில்லை. குனிந்து பார்த்தாள். அவளும் ஆடிக்கொண்டிருந்தாள்.

இடது.

வலது.

பயம் கோபமாய் மாறியது. அவள் அப்பன் ஆண்டையின் களத்தில் இப்படித்தான் நின்ற இடத்திலேயே நின்று செத்தான். நான் நிற்க மாட்டேன். விக்டோரியா பல்லைக் கடித்து வலது காலைத் தூக்கி ஓங்கித் தரையில் மிதித்தாள். உள்ளங்கால் எரிந்தது. எரியட்டும். மண்டியிட்டு, இரண்டு கையாலும் போல்ட்டைத் திருகினாள்.

"ஏய்! இன்னா பண்றே?" வாசலில் டார்ச் வெளிச்சம். வீரராகவன். "கைய எடு. எடுக்கல, நாளைலேருந்து வேலை கெடையாது."

"உங்க வேலை எனுக்கு வேணாம். வச்சிக்கோங்க."

போல்ட் கழன்றது. முதலாளி பாய்ந்து வந்து வளையத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். அவர் கால்கள் அந்த இரண்டு பள்ளங்களிலும் போய்ப் பதிந்தன. விக்டோரியா குட்டியின் காதோடு வாயை வைத்தாள்.

"நட கண்ணு."

அது நடந்தது. வாசலில் திரும்பி, அவள் பின்சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "கோமளா, நீயும் நட. உன்ன யாரும் புடிச்சி வெக்கல."

உரசல் நின்றது. வேப்பெண்ணெய் நெடி அவளைக் கடந்து, ஈரமாய், மெதுவாய், வெளியே போனது. தோப்பின் சருகுகள் நொறுங்கின. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் வழிவிட்டு நின்றாள்.

குட்டியைத் திருப்பாச்சூருக்கு, கலியனிடமே ஓட்டிப் போய்விடுவது என்று தீர்மானித்தாள். கேட்டுக்கு வந்தபோது கரண்டு வந்தது. காவல்காரர் தேசப்பன் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தார்.

"இன்னாம்மா, மொதலாளி டான்ஸ் ஆடிக்கினு கீறாரு?"

விக்டோரியா திரும்பிப் பார்த்தாள்.

பல்பு வெளிச்சத்தில் வீரராகவன் நின்றிருந்தார். இடது. வலது. சங்கிலி அவர் காலில் இல்லை. எட்டத் தரையில் கிடந்தது. கண்ணிரண்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. கன்னத்தில் நீர் வழிந்தது. வேட்டி விலகிய கணுக்காலைச் சுற்றி, வளைய அகலத்துக்கு, பழைய புண் ஒன்று சதை தெரியப் பழுத்திருந்தது. அவர் ஆடினார். சிமெண்டு தேய்கிற சத்தம் கேட் வரைக்கும் வந்தது.

குட்டி அவள் பக்கத்தில் ஆடாமல் நின்றது.